பேஸ் கிட்டாருக்கு கம்ப்ரஸர் பெடல்: எதை எடுப்பது, எதை விடுவது

கம்ப்ரஸர், அதாவது சத்தமான ஒலியைத் தானாகவே தாழ்த்தும் பெடல், தேடும் பேஸ் வாசிப்பாளர்களிடம் "எதற்கு?" என்று கேட்டால் வரும் பதில்கள் நான்குக்குள் அடங்கிவிடும். திடீரென்று எகிறும் உச்சங்களை அடக்க வேண்டும். ஒரு நோட் பெரிதாகவும் அடுத்தது சிறிதாகவும் கேட்பதைச் சமன் செய்ய வேண்டும். மீட்டிய நோட் இன்னும் சற்று நீண்டு நிற்க வேண்டும். ஒலிக்கு ஒரு கெட்டித்தன்மை வேண்டும். நான்கையும் செய்வதாக எல்லாப் பெட்டியின் அட்டையிலும் எழுதியிருக்கும். ஆனால் உச்சத்தை அடக்க ஏற்ற அமைப்பில் நோட் நீளாது. நோட்டை நீட்ட வைத்த அமைப்பு, ஸ்லாப் (தந்தியைக் கட்டைவிரலால் தட்டியும் விரலால் சுண்டியும் வாசிக்கும் பாணி) வாசிக்கும்போது கையைக் கட்டிப்போட்ட மாதிரி இருக்கும்.

உள்ளே இருக்கும் சர்க்யூட் ஆப்டிகலா, எஃப்இடியா, விசிஏவா என்பதுதான் வழக்கமாக முதலில் எழும் விவாதம். பேஸைப் பொறுத்தவரை அது இரண்டாம் கேள்வி. ரிலீஸ் நேரம் (அமுக்கிய ஒலியை மீண்டும் விட்டுவிட எடுக்கும் நேரம்) உங்கள் கையில் இருக்கிறதா, இந்தக் கணம் எத்தனை டெசிபல் குறைக்கப்படுகிறது என்று ஒரு மீட்டரில் கண்ணுக்குத் தெரிகிறதா, இவை இரண்டும்தான் முதலில் பார்க்க வேண்டியவை. ஏன் என்பது கீழே.

பெடல் தீர்க்காத குறைகள்

ஜி தந்தி மட்டும் மெலிந்து கேட்கிறது என்றால் அது கம்ப்ரஸரின் வேலை இல்லை, ஸ்க்ரூடிரைவரின் வேலை. கடைசி ஃபிரெட்டில் தந்தியை அழுத்திப் பிடித்துக்கொண்டு, தந்தியின் அடிப்பக்கத்துக்கும் பிக்கப்புக்கும் உள்ள இடைவெளியை அளந்து பாருங்கள். தடித்த தந்திப் பக்கம் சுமார் 3 மில்லிமீட்டர், மெல்லிய தந்திப் பக்கம் 2 முதல் 2.5 மில்லிமீட்டர் என்று தொடங்கி, காதால் கேட்டு ஏற்றி இறக்கலாம். ரொம்பவும் ஏற்றினால் காந்தம் தந்தியை இழுத்து, மேல் ஃபிரெட்டுகளில் சுருதி கோணலாகும்.

ஜி தந்தியில் 5-ஆம் ஃபிரெட் முதல் 7-ஆம் ஃபிரெட் வரை எங்கோ ஓரிடத்தில் நோட் சட்டென்று செத்துவிடுவது, கழுத்தை போல்ட்டால் பொருத்திய பல பேஸ்களில் உள்ள சங்கதி. கழுத்தின் மரம் அந்த அதிர்வெண்ணில் தானும் அதிர்ந்து தந்தியின் ஆற்றலை உறிஞ்சிக்கொள்கிறது. கம்ப்ரஸர் அதைக் கொஞ்சம் மறைக்கும், குணப்படுத்தாது. அதே நோட்டை டி தந்தியில் ஐந்து ஃபிரெட் மேலே வாசிப்பது இன்னும் உருப்படியான வழி.

வலக்கையின் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் வெவ்வேறு பலத்தில் மீட்டுவதும் இந்தப் பட்டியலில்தான் சேரும். பெடலைப் போட்டுக்கொண்டே பயிற்சி செய்தால் அந்த வித்தியாசம் காதில் விழாது. விழாதது திருந்தவும் திருந்தாது. பயிற்சி நேரத்தில் பெடல் அணைந்தே இருக்கட்டும்.

கணக்கு

த்ரெஷோல்ட் என்பது கம்ப்ரஸர் கண்விழிக்கும் உயரம். ரேஷியோ என்பது அதற்கு மேலே போவதை எத்தனையில் ஒரு பங்காக்குவது என்ற விகிதம். த்ரெஷோல்ட் கழித்தல் 20 டெசிபலில் இருக்கிறது, உங்கள் நோட் கழித்தல் 8 வரை எகிறுகிறது என்று வையுங்கள். 12 டெசிபல் தாண்டியிருக்கிறது. 2:1 வைத்தால் அந்த 12, 6 ஆகும். 4:1 வைத்தால் 3 ஆகும், அதாவது 9 டெசிபல் குறைப்பு. 20:1 என்றால் 0.6 தான் மிஞ்சும். அதற்குப் பெயர் லிமிட்டர்.

இப்படிக் குறைந்ததை மேக்கப் கெயின், அதாவது பெடலின் லெவல் அல்லது அவுட்புட் குமிழ், மீண்டும் தூக்கிவிடுகிறது. நோட் நீள்வது போலக் கேட்பது இதனால்தான். தலை தட்டப்பட்டு முழு ஒலியும் மேலே தள்ளப்படுவதால் வால் பகுதி உயர்ந்து கேட்கிறது. வால் உயரும்போது கூடவே விரல் உரசல், ஃபிரெட் சத்தம், பிக்கப்பின் இரைச்சல் எல்லாம் உயரும். நீங்கள் வாசிக்காத இடைவெளியில் குறைப்பு பூஜ்யம், மேக்கப் கெயின் மட்டும் முழுதாக நிற்கும். 8 டெசிபல் தூக்கியிருந்தால் இரைச்சலும் அப்படியே 8 டெசிபல் ஏறும். "பெடல் இரைகிறது" என்ற புகார்களில் பாதிக்கு மேல் இந்தக் கூட்டல் கணக்குதான்.

பேஸுக்கே உரிய சிக்கல்: நேரம்

ஓபன் ஈ தந்தியின் அதிர்வெண் 41.2 ஹெர்ட்ஸ். அலை ஒரு சுற்று முடிக்க 24 மில்லிவினாடி ஆகிறது. ஐந்து தந்தி பேஸின் லோ பி 30.9 ஹெர்ட்ஸ், ஒரு சுற்றுக்கு 32 மில்லிவினாடி. ஆறு தந்தி கிட்டாரின் கீழ் ஈ 82.4 ஹெர்ட்ஸ், அதாவது 12 மில்லிவினாடி.

இப்போது அட்டாக் (உச்சம் வந்ததும் அதை அமுக்க எடுக்கும் நேரம்) 1 மில்லிவினாடி, ரிலீஸ் 20 மில்லிவினாடி என்று வைத்த ஒரு கம்ப்ரஸரை யோசியுங்கள். ஓபன் ஈ வரும்போது அலையின் ஒவ்வொரு முகட்டையும் தனித்தனி உச்சமாக நினைத்துக் கீழே அமுக்கும், அடுத்த முகடு வருவதற்குள் கையை எடுக்கும், மறுபடி அமுக்கும். ஒலியின் அளவைக் குறைக்க வேண்டியது அலையின் வடிவத்தையே நசுக்கத் தொடங்குகிறது. காதுக்கு அது ஒருவித கரகரப்பாக, கிழிந்த ஸ்பீக்கர் மாதிரி கேட்கும். ஜி தந்தியில் எல்லாம் சுத்தமாக இருந்து, ஈ தந்திக்குப் போனதும் மட்டும் கரகரத்தால் ஆம்பைச் சந்தேகிப்பதற்கு முன் ரிலீஸைக் கூட்டிப் பாருங்கள். கிட்டாருக்காக வடிவமைத்த பெடல்கள் பேஸில் தடுமாறுவதற்கு ஒரு முக்கியக் காரணம் இது. வேகமான ரிலீஸை உள்ளே நிரந்தரமாக வைத்துவிட்டால் கிட்டார் தப்பிக்கும், லோ பி மாட்டிக்கொள்ளும்.

மறுமுனையிலும் ஆபத்து உண்டு. நிமிடத்துக்கு 100 தட்டு காலப்பிரமாணத்தில் கால் நோட் 600 மில்லிவினாடி, எட்டில் ஒன்று 300, பதினாறில் ஒன்று 150. ரிலீஸ் 800 மில்லிவினாடி என்றால் முதல் அடிக்கு அமுங்கிய கம்ப்ரஸர் அந்த வரி முடியும்வரை எழுந்திருக்காது. முதல் நோட் பெரிது, பின்னால் வருபவை எல்லாம் ஒரே மாதிரி சின்னது. பெரும்பாலான பேஸ் வரிகளுக்கு 100 முதல் 250 மில்லிவினாடிக்குள் ஓரிடம் ஒத்துவரும். அந்த ஓரிடம் பாட்டுக்குப் பாட்டு நகரும். ரிலீஸ் குமிழ் வேண்டும் என்று வற்புறுத்துவது இதற்காகத்தான்.

அட்டாக் குமிழ் தீர்மானிப்பது விரல் தந்தியைத் தொடும் அந்த முதல் 'டக்' பிழைக்குமா என்பதை. 15 முதல் 30 மில்லிவினாடி வரை விட்டால் 'டக்' முழுதாக வெளியேறி, அதற்குப் பின்னால் வரும் உடல்தான் அமுங்கும். அடி முன்பைவிடத் தெளிவாகவே கேட்கும். 1, 2 மில்லிவினாடியில் பிடித்தால் முனை மழுங்கிவிடும். டிரம்ஸோடு சேரும்போது பேஸ் காணாமல் போகிறது என்றால், வால்யூமை ஏற்றுவதற்கு முன் அட்டாக்கைத் தளர்த்திப் பாருங்கள்.

சர்க்யூட் வகைகள்

ஆப்டிகலில் ஒரு சிறு விளக்கும், ஒளி பட்டால் மின்தடை மாறும் ஒரு செல்லும் எதிரெதிரே உட்கார்ந்திருக்கும். ஒலி பெரிதானால் விளக்கு பிரகாசமாகும், செல் ஒலியைத் தாழ்த்தும். இந்த வகையின் மூதாதை 1960-களின் டெலட்ரானிக்ஸ் எல்ஏ-2ஏ என்ற ஸ்டூடியோ கம்ப்ரஸர். அதன் அட்டாக் சுமார் 10 மில்லிவினாடி. ரிலீஸ் இரண்டு கட்டமாக நடக்கும்: பாதிக் குறைப்பு 60 மில்லிவினாடியில் விலகும், மீதி அரை வினாடி முதல் 5 வினாடி வரை இழுக்கும். எவ்வளவு நேரம், எவ்வளவு பலமாக அமுங்கியதோ அதைப் பொறுத்து இந்த இழுவை மாறும். ஆப்டிகல் 'இயல்பாக' இருக்கிறது என்று சொல்லப்படுவது இந்தக் குணத்தால்தான். நீண்ட நோட்டுகள், நடைபோடும் பேஸ் வரி, ஃபிரெட் இல்லாத பேஸ் (ஃபிரெட்லெஸ்), மெதுவான பாடல் எல்லாவற்றுக்கும் இதைவிட இதமானது கிடைப்பது கஷ்டம். பதினாறில் ஒன்றாக அடுக்கும் ஃபங்க் வரிக்கோ இதன் வால் இடைஞ்சல். ஆம்பெக் ஆப்டோ காம்ப் போன்ற மூன்று குமிழ் பெடல்களில் ரிலீஸ் தனியாக இருப்பதால் ஓரளவு சமாளிக்கலாம்.

ஒலியைத் தாழ்த்த ஒருவகை டிரான்சிஸ்டரைப் பயன்படுத்தும் எஃப்இடி வகையின் அளவுகோல் 1967-இல் வந்த 1176 என்ற ஸ்டூடியோ கம்ப்ரஸர். அட்டாக் 20 முதல் 800 மைக்ரோவினாடி. அதாவது அதன் மிக மெதுவான அட்டாக்கே ஒரு மில்லிவினாடிக்குள் முடிந்துவிடுகிறது. ரிலீஸ் 50 மில்லிவினாடியிலிருந்து 1.1 வினாடி வரை. ரேஷியோ 4, 8, 12, 20 என்று நான்கு பொத்தான். எம்எக்ஸ்ஆர் எம்87 பேஸ் கம்ப்ரஸரில் இதே நான்கு ரேஷியோவும் உண்டு, குறைப்பைக் காட்டும் விளக்கு வரிசையும் உண்டு. ஆரிஜின் எஃபெக்ட்ஸ் காலி76 பேஸ் பதிப்பும் இதே வம்சம். த்ரெஷோல்ட் குமிழ் தனியாக இருக்காது. இன்புட்டை ஏற்ற ஏற்ற அமுக்கம் கூடும். ஒலிக்கு ஒரு முரட்டு முகம் கொடுக்கும், மிக்ஸில் முன்னால் வந்து நிற்கும். பிக் வாசிப்புக்கும் ராக்குக்கும் ஸ்லாப்புக்கும் பலர் இதைத் தேடுவதில் நியாயம் இருக்கிறது. ஒரு எச்சரிக்கை: 1176-இல் அட்டாக், ரிலீஸ் குமிழ்களை வலப்பக்கம் திருப்பினால் நேரம் குறையும், வேகம் கூடும். மற்ற பல கம்ப்ரஸர்களில் நேர்மாறு. கையேட்டைப் பார்க்காமல் திருப்பிவிட்டு, பெடல் சரியில்லை என்று திரும்பக் கொடுத்தவர்கள் உண்டு.

மின்னழுத்தத்தால் கட்டுப்படும் பெருக்கியை வைத்து ஓடும் விசிஏ வகைக்குக் கவர்ச்சியான கதை கிடையாது. சொன்ன த்ரெஷோல்டில் சொன்ன ரேஷியோவில், தன் நிறம் எதையும் பெரிதாகச் சேர்க்காமல் வேலையை முடிக்கும். அட்டாக், ரிலீஸ், ரேஷியோ, த்ரெஷோல்ட் நான்கையும் தனித்தனியாக விட்டுக்கொடுக்கும் பெடல்கள் இந்த வகையில்தான் அதிகம். சமன் செய்வதும் உச்சத்தை அடக்குவதும்தான் தேவை என்றால் இங்கேயே நிறுத்திக்கொள்ளலாம். 'சப்பென்று இருக்கிறது' என்று சிலர் ஒதுக்குவார்கள்; கம்ப்ரஸர் வேலை செய்வது தெரியாமல் இருப்பதுதான் இதன் நோக்கமே.

ஓடிஏ என்ற சிப்பை வைத்து ஓடும் வகையில் 1970-களின் எம்எக்ஸ்ஆர் டைனா காம்ப் எல்லோருக்கும் தெரிந்த பெயர். இரண்டே குமிழ், அவுட்புட்டும் சென்சிட்டிவிட்டியும். கிட்டாரில் அந்த நசுங்கிய ஒலிக்கு இன்றும் மவுசு. பேஸுக்கு முதல் கம்ப்ரஸராக இதை எடுக்க வேண்டாம். ரிலீஸ் கையில் இல்லை, மீட்டர் இல்லை. இந்தச் சிப்புகள் சிறிய சிக்னலில் மட்டுமே சுத்தமாக ஓடும் என்பதால், உள்ளேயே பேட்டரியில் ஓடும் ப்ரீஆம்ப் வைத்த ஆக்டிவ் பேஸின் பலமான அடிக்குத் திணறவும் செய்யும். அந்த நசுங்கலே வேண்டும் என்று எடுப்பவர் தெரிந்தே எடுக்கிறார், அது வேறு.

வால்வு வைத்த பெடல்களும் உண்டு. பெரிது, கனம், பவர் சப்ளை தனி. நிறம் பிடித்தால் எடுங்கள், வேறு காரணம் தேட வேண்டாம்.

கீழ்த் தந்தி மேல் தந்தியை இழுக்கும் கதை

எந்தச் சர்க்யூட்டாக இருந்தாலும் பேஸில் ஒரு தொந்தரவு மிஞ்சும். கம்ப்ரஸரை எழுப்புவது பெரும்பாலும் அடி அதிர்வெண்களின் ஆற்றல்தான். ஈ தந்தியைக் கட்டைவிரலால் தட்டி, உடனே ஜி தந்தியைச் சுண்டினால், தட்டலுக்காக அமுங்கிய கம்ப்ரஸர் இன்னும் எழாத நேரத்தில் சுண்டல் வந்து மாட்டுகிறது. மேல் ஒலி மங்கி, கம்பளி போர்த்திய மாதிரி ஆகிறது.

இதற்கு இரண்டு வழி. ஒன்று, சைட்செயின் ஹைபாஸ் ஃபில்ட்டர். ஒலியின் பாதையை அது தொடாது. கம்ப்ரஸர் எதைக் கேட்டு முடிவெடுக்கிறதோ அந்தக் கிளையில் மட்டும் அடி அதிர்வெண்ணை வெட்டும். காலி76 பேஸ் பதிப்பில் இதற்கென்றே ஒரு குமிழ் வைத்திருக்கிறார்கள். திறந்துவிட்டால் அடி சுதந்திரமாக மூச்சு விடும், நடு அதிர்வெண்ணைக் கேட்டுத்தான் அமுக்கம் நடக்கும். அளவு மீறினால் ஓபன் ஈ, லோ பி இரண்டும் கட்டுப்பாடில்லாமல் எகிறும். அப்புறம் கம்ப்ரஸர் எதற்கு?

இன்னொரு வழி மல்டிபேண்ட். அடி, மேல் என்று பிரித்துத் தனித்தனியாக அமுக்குவது. இபிஎஸ் மல்டிகாம்ப்பில் ஒரு சுவிட்ச் நிலையாக இது இருக்கிறது. பாஸ் பிசி-1எக்ஸ் டிஜிட்டலில் இதைச் செய்து, குறைப்பு மீட்டரும் தருகிறது. டிசி எலக்ட்ரானிக் ஸ்பெக்ட்ராகாம்ப் ஒரே குமிழுக்குள் அடைத்துவிட்டது. ஸ்லாப்பும் விரலும் மாறி மாறி வாசிப்பவருக்கு, பெடலைக் குனிந்து திருப்ப நேரம் இல்லாதவருக்கு, இது பெரிய நிம்மதி. விலையாகக் கொடுப்பது, அடியும் முனையும் ஒரே அடியாகச் சேர்ந்து எழும் உணர்வை. மேல் பேண்ட் தனியாகத் தூக்கப்படுவதால் விரல் உரசலும் தந்தி கீச்சும் முன்னால் வந்துவிடும். புதுத் தந்தி மாட்டிய நாளில் இது நன்றாகத் தெரியும்.

பிளெண்ட் இருந்தால் என்ன லாபம்

அமுக்கிய ஒலியையும் அமுக்காத ஒலியையும் கலக்கும் குமிழ் இது. உச்சத்தில் 10 டெசிபல் குறைத்து, மேக்கப்பில் 10 டெசிபல் ஏற்றிய ஒலியை அசலோடு சமமாகக் கலந்தால், சத்தமான நோட் 6 டெசிபல் உயரும், த்ரெஷோல்டுக்குக் கீழே இருக்கும் மெல்லிய நோட் 12.4 டெசிபல் உயரும். ஆக வித்தியாசம் சுருங்குவது 10 அல்ல, 6.4 தான். உச்சத்தின் வடிவம் அப்படியே இருக்க, அடித்தளம் எழுகிறது. விரலின் 'டக்' போகக் கூடாது, நோட்டும் நீள வேண்டும் என்று இரண்டும் கேட்பவருக்கு இதுதான் வழி. உச்சத்தை அடக்குவது நோக்கமானால் பிளெண்ட் எதிர்வேலை செய்யும். முழுக்க அமுக்கிய பக்கமே வையுங்கள்.

பெடலில் பிளெண்ட் இல்லாமல் வெளியே ஒரு மிக்ஸர் பெட்டி வைத்துக் கலக்கலாமே என்று தோன்றும். அனலாக் கம்ப்ரஸரானால், அது அலையைத் தலைகீழாக்காதவரை, சரி. டிஜிட்டல் என்றால் உள்ளே மாற்றித் திரும்பும்போது சிறு தாமதம் இருக்கும். 1 மில்லிவினாடி தாமதமே 500 ஹெர்ட்ஸில் ஒரு பள்ளம் வெட்டும், 1500-இல் இன்னொன்று. 2 மில்லிவினாடி என்றால் முதல் பள்ளம் 250 ஹெர்ட்ஸில், பேஸின் நட்டநடுவே. கலந்ததும் ஒலி குழாய்க்குள்ளிருந்து வருவது போல் ஆனால் காரணம் இதுதான்.

பெடலே வேண்டாம் என்றால்

ஆம்பிலேயே ஒற்றைக் குமிழ் கம்ப்ரஸர் இருக்கிறதா? ஒத்திகைக்கு அது போதும். அது ஒலிப்பாதையில் எந்த இடத்தில் இருக்கிறது என்று மட்டும் பாருங்கள். மிக்ஸருக்கு நேரே ஒலியை அனுப்பும் டிஐ அவுட்டுக்குப் பின்னால் இருந்தால் மேடையில் உங்களுக்குக் கேட்பது பார்வையாளர்களுக்குப் போகாது.

பதிவு அறையில் பெடலோடு பதிவு செய்தால் அந்த அமுக்கத்தைப் பின்னால் எடுக்க முடியாது. அமுக்காமல் பதிந்து, மென்பொருளில் அமுக்குவது பாதுகாப்பானது. பெடல் இருந்தால்தான் கை சரியாக வருகிறது என்பவர், 3 டெசிபலுக்கு மேல் குறையாமல் லேசாக வைத்துக்கொள்ளலாம். மேடையிலும் இதே கதைதான். மிக்ஸரில் உட்கார்ந்திருப்பவர் எப்படியும் பேஸ் சேனலில் ஒரு கம்ப்ரஸர் போடுவார். நீங்கள் 10 டெசிபல் அமுக்கி அனுப்பினால் அவர் கையில் மிஞ்சுவது செங்கல் மாதிரி ஒரு அலை. அதற்கு மேல் அவரால் எதுவும் செய்ய முடியாது.

ஓவர்டிரைவும் அலையின் தலையை வெட்டுவதால் அதுவே ஒருவகை அமுக்கம். எப்போதும் லேசான ஓவர்டிரைவோடு வாசிப்பவருக்குத் தனி கம்ப்ரஸர் பெரும்பாலும் தேவைப்படாது.

யாருக்கு எது

விரலால் பலதரப்பட்ட பாட்டுகள் வாசிப்பவர், ஒன்றே ஒன்றுதான் வாங்க முடியும் என்றால்: மீட்டரும் ரிலீஸ் குமிழும் உள்ள விசிஏ. பிளெண்டும் இருந்தால் நல்லது. 4:1, அட்டாக் 20, ரிலீஸ் 150 மில்லிவினாடி, சத்தமான நோட்டில் 5, 6 டெசிபல் குறைப்பு. இங்கிருந்து தொடங்கினால் தொலைந்துபோக மாட்டீர்கள்.

மெதுவான, நீண்ட நோட்டுகள், ஃபிரெட்லெஸ்: ஆப்டிகல். 2:1 அல்லது 3:1 போதும், குறைப்பு 4 டெசிபலைத் தாண்ட வேண்டாம். ஃபிரெட்லெஸில் நோட்டின் உயிர், மீட்டிய பிறகு அது மலரும் விதத்தில் இருக்கிறது. அமுக்கம் அதிகமானால் மலர்ச்சி தட்டையாகும்.

பிக், ராக்: எஃப்இடி, 4:1 அல்லது 8:1, ரிலீஸை 100 மில்லிவினாடிக்குக் கீழே கொண்டுபோகாமல். கொஞ்சம் கரகரப்பு இங்கே குற்றமில்லை.

ஸ்லாப்பில் கருத்து வேறுபாடு அதிகம். சுண்டல் ஸ்பீக்கரையே மிரட்டுகிறது என்றால் 10:1-க்கு மேல், அட்டாக் 2 முதல் 5 மில்லிவினாடி, த்ரெஷோல்ட் மிக உயரத்தில். சாதாரண நோட்டில் மீட்டர் அசையவே கூடாது, சுண்டலுக்கு மட்டும் துள்ள வேண்டும். அடியும் சுண்டலும் சமமாக நிற்க வேண்டும் என்றால் மல்டிபேண்ட் அல்லது சைட்செயின் ஃபில்ட்டர் உள்ளது. இரண்டையும் ஒரே அமைப்பில் அடைய முயன்று, 20:1-ஐக் கீழ் த்ரெஷோல்டோடு வைத்துவிட்டு, ஸ்லாப்பின் துள்ளல் எங்கே போயிற்று என்று தேடுவதுதான் அடிக்கடி நடக்கிறது.

ஒற்றைக் குமிழ் பெடல் யாருக்கு? எல்லாக் குமிழ்களையும் பார்த்ததும் பயந்து பெடலை அணைத்தே வைத்திருப்பவருக்கு. அதில் கேவலம் ஒன்றும் இல்லை. குமிழைக் கடிகாரத்தின் 12 மணி நிலையை, அதாவது நடுவை, தாண்டித் திருப்பாமல் இருந்தால் அது உங்களைக் காட்டிக்கொடுக்காது. ஆனால் எது எதனால் மாறுகிறது என்று அதில் கற்றுக்கொள்ள முடியாது.

அமைக்கும் முறை

ஆம்பின் ஈக்யூ எல்லாம் நடுவில். ரேஷியோ 4:1, அட்டாக்கும் ரிலீஸும் நடுவில், பிளெண்ட் முழுக்க அமுக்கிய பக்கம், த்ரெஷோல்ட் உச்சியில். நீங்கள் வாசிக்கும் பாட்டுகளிலேயே பலமான வரியை, மேடையில் வாசிக்கும் பலத்தோடே வாசியுங்கள். வீட்டில் மெல்லமாக வாசித்து அமைத்தது மேடையில் இரு மடங்கு அமுக்கும்.

த்ரெஷோல்டை இறக்கிக்கொண்டே வந்து, பலமான நோட்டில் மீட்டர் 5, 6 டெசிபல், மெல்லிய நோட்டில் அசைவே இல்லை என்ற இடத்தில் நிறுத்துங்கள். அடுத்து அட்டாக்கை மிக வேகத்தில் வைத்து, விரலின் 'டக்' திரும்பி வரும்வரை மெதுவாக்குங்கள். ரிலீஸை மிக நீளத்தில் தொடங்கி, அடுத்த நோட் வருவதற்குச் சற்று முன் மீட்டர் பூஜ்யத்துக்கு விழும்வரை குறையுங்கள். ஓபன் ஈயில் கரகரத்தால் கொஞ்சம் பின்வாங்குங்கள்.

கடைசியில் அவுட்புட். பெடலை அணைத்து, போட்டு, அணைத்து, இரண்டும் ஒரே சத்தமாகக் கேட்கும்படி வையுங்கள். இந்தப் படியை விட்டால் முழு ஒப்பீடும் பொய். 2 டெசிபல் கூடுதல் சத்தமே காதுக்கு 'நல்ல ஒலி'யாகத் தோன்றும். கடையில் பல பெடல்கள் விற்பது அந்த 2 டெசிபலால்தான். சத்தம் சமமான பிறகும் பிடித்திருந்தால் எடுங்கள்.

எங்கே வைப்பது

ட்யூனருக்குப் பின், மற்றவற்றுக்கு முன் என்பது பொதுவான இடம். ஆக்டேவ் பெடலுக்கு முன்னால் வைத்தால் அது நோட்டைக் கண்டுபிடிப்பது பெரும்பாலும் சீராகும். என்வலப் ஃபில்ட்டருக்கு முன்னால் வைக்காதீர்கள். உங்கள் கையின் ஏற்ற இறக்கத்தை நம்பித் திறந்து மூடும் பெடல் அது, அதையே நீங்கள் சமன் செய்து அனுப்பினால் 'வா' என்று வாய் திறக்காது. ஓவர்டிரைவுக்கு முன்னால் வைத்தால் கரகரப்பு எல்லா நோட்டிலும் ஒரே அளவாக இருக்கும், மெல்ல வாசித்துச் சுத்தமாக்கும் வசதி போய்விடும். பின்னால் வைத்தால் ஓவர்டிரைவின் இரைச்சலையும் சேர்த்துத் தூக்கும். சுத்தமான ஒலிக்கும் ஓவர்டிரைவுக்கும் இடையே சத்தம் எகிறுவதை அடக்குவதுதான் நோக்கம் என்றால் வரிசையின் கடைசியில் ஒரு லிமிட்டர் வைப்பது பொருந்தும். ரிவர்ப், டிலே இரண்டுக்கும் பின்னால் மட்டும் வேண்டாம். வால்கள் எல்லாம் வீங்கி எழும்.

பழுதுபோலத் தோன்றுபவை

பலமாக மீட்டும்போது மட்டும் ஒலி உடைகிறது, த்ரெஷோல்டை எங்கே திருப்பினாலும் மாறவில்லை: உள்ளே நுழையும் சிக்னலே அளவுக்கு மீறியது. ஆக்டிவ் பேஸில் உள்ளே இருக்கும் பேட்டரி தளர்ந்தாலும் இதே மாதிரி உடையும், முதலில் அதை மாற்றிப் பாருங்கள். பிறகு பேஸின் வால்யூமைக் கால் பங்கு குறையுங்கள், அல்லது பெடலில் உள்ளே வரும் சிக்னலைத் தாழ்த்தும் பேட் சுவிட்ச் இருந்தால் போடுங்கள். 18 வோல்ட் ஏற்கும் பெடலானால் அதில் ஓட்டினால் தலைக்கு மேல் இடம் கூடும். 9 வோல்ட் மட்டும் என்று எழுதியிருப்பதில் 18 கொடுத்தால் பெடல் எரியும்.

வாசிக்காதபோது ஹம் எழுகிறது: சிங்கிள் காயில் பிக்கப் இரண்டு உள்ள பேஸில் பெரும்பாலும் இரண்டையும் முழு வால்யூமில் வைத்தால் ஹம் ஒன்றையொன்று அழித்துக்கொள்ளும். ஒன்றைக் கொஞ்சம் குறைத்தாலும் திரும்பி வரும். அதற்கு மேலும் இருந்தால் மேக்கப்பைக் குறையுங்கள்.

ஹம் இல்லாமல் உயர்ந்த சுருதியில் ஒரு விசில் கேட்டால் பவர் சப்ளை. டிஜிட்டல் பெடலையும் அனலாக் பெடலையும் ஒரே கம்பியில் கோத்திருந்தால் கம்ப்ரஸர் அந்த விசிலையும் சேர்த்துத் தூக்கும். தனித்தனியாகப் பிரித்த அவுட்லெட் உள்ள சப்ளையில் போட்டால் நிற்கும்.

பழைய பெடல் வாங்குவதானால் பேஸோடு போய்ச் சோதியுங்கள், கிட்டாரோடு அல்ல. ஓபன் ஈயைப் பலமாக மீட்டிச் சாகும்வரை விடுங்கள். வால் வழுக்கிக்கொண்டு இறங்க வேண்டும், படிப்படியாகத் துள்ளவோ துடிக்கவோ கூடாது. குமிழ்களைத் திருப்பும்போது வரும் கரகரப்பு தூசி, சுத்தம் செய்தால் போகும். மீட்டர் விளக்கு எரிந்தும் ஒலி அமுங்கவில்லை என்றால் அமுக்கும் பாகமே போயிருக்கலாம்; விலை எவ்வளவு இறங்கினாலும் விட்டுவிடுங்கள்.